ஹிட்லரைத் தோற்கடித்தவரே அவரை ஏன் நியமித்தார்?

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தை நடத்தும்போது ஹிண்டன்பர்க் ஒரே வரியில் வந்துபோகிறார்: ஜெர்மனியின் குடியரசுத் தலைவராக இருந்தார், 1933இல் ஹிட்லரைச் சான்சலராக (நம் பிரதமர் போன்ற அரசுத் தலைவராக) நியமித்தார். சென்ற வாரம் ஒரு மாணவி, "மிஸ், 1932 தேர்தல்ல ஹிட்லரைத் தோற்கடிச்சவரே இவர்தானே? அப்புறம் ஏன் அவரே கூப்பிட்டுப் பதவி குடுத்தாரு?" என்று கேட்டாள். "வயசாகி புத்தி தடுமாறிடுச்சாம்" என்றான் ஒருவன். "லஞ்சம்" என்றது கடைசி பெஞ்சு. பெரிய போர்வீரர் என்றால் ஜெர்மனி ஏன் தோற்றது என்றும் கேட்கிறார்கள். 45 நிமிட வகுப்பு இரண்டு ஒதுக்க முடியும். எதைச் சொல்வது, எதை விடுவது?

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

அந்த மாணவியின் கேள்வியையே கரும்பலகையில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டு வகுப்புகளையும் நடத்துங்கள். பிறந்தார், படித்தார், வென்றார், மறைந்தார் என்று வரிசையாகப் போனால் 90 நிமிடமும் போர்க்களத்திலேயே கரைந்துவிடும். கையில் ஓர் இழை வேண்டும். இந்த மனிதர் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், எதில் போடாமல் அடுத்தவர் கையில் பேனாவைக் கொடுத்தார் என்பதே அந்த இழை. அதைப் பிடித்துக்கொண்டு போனால் மூன்று கேள்விகளுக்கும் விடை வந்துவிடும்.

முதல் வகுப்பை "அந்தப் பெயர் எப்படி உருவானது" என்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இளமைக் காலத்துக்கு ஐந்து நிமிடம் போதும். 1847 அக்டோபர் 2 அன்று போசன் நகரில், பிரஷ்யப் படை அதிகாரியின் மகனாகப் பிறந்தார். 11 வயதில் படைப்பள்ளி. 1866இல் ஆஸ்திரியாவுக்கு எதிரான கூனிக்கிரெட்ஸ் போரில் தலைக்கவசத்தைத் துளைத்த குண்டு தலையை உரசிக்கொண்டு போனது. 1871 ஜனவரி 18 அன்று வெர்செய்ல்ஸ் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மன் பேரரசு பிரகடனம் செய்யப்பட்டபோது, தன் படைப்பிரிவின் பிரதிநிதியாக அங்கே நின்றார். 48 ஆண்டுகள் கழித்து அதே மண்டபத்தில்தான் தோற்ற ஜெர்மனி வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. இரண்டையும் தம் வாழ்நாளுக்குள் பார்த்த தலைமுறை இது. 1911இல் ஓய்வு பெற்று ஹனோவரில் குடியேறினார். அந்த ஓய்வு நீடித்திருந்தால் இன்று அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது.

1914 ஆகஸ்டில் கிழக்கு பிரஷ்யாவுக்குள் இரண்டு ரஷ்யப் படைகள் நுழைந்தன. கும்பின்னனில் அடிவாங்கிய ஜெர்மன் எட்டாம் படையின் தளபதி பிரிட்விட்ஸ், விஸ்துலா ஆற்றுக்கு இப்பால் பின்வாங்கப்போவதாகத் தலைமையகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். அவரை நீக்கினார்கள். துணிந்த மூளைக்காரராக லுடென்டார்ஃப் என்ற தளபதியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அவருடைய பதவி மூப்பு போதவில்லை. மேலே ஒரு மூத்த தளபதி வேண்டும், அவர் பதற்றப்படாதவராக இருக்க வேண்டும். அப்படித்தான் 66 வயது ஹிண்டன்பர்க்குக்குத் தந்தி போனது. ஆகஸ்ட் 23 விடியற்காலையில் ஹனோவர் ரயில் நிலையத்தில், சாம்பல் பச்சைப் போர்ச் சீருடை இன்னும் தைக்காததால் பழைய நீலச் சீருடையிலேயே நின்றவரைச் சிறப்பு ரயிலில் வந்த லுடென்டார்ஃப் ஏற்றிக்கொண்டார். இருவரும் அதற்கு முன் சந்தித்ததில்லை.

போரின் திட்டம் ஹிண்டன்பர்க்குடையது என்று எழுதும் மாணவர்களைத் திருத்துங்கள். அவர்கள் வந்து சேருவதற்கு முன்பே, எட்டாம் படையின் அதிகாரி மாக்ஸ் ஹாஃப்மன் படைகளை நகர்த்தத் தொடங்கியிருந்தார். வடக்கே நின்ற ரென்னன்காம்ஃபின் ரஷ்யப் படை முன்னேறாமல் தயங்கியது. அதன் எதிரே குதிரைப்படையை மட்டும் திரையாக விட்டுவிட்டு, ஃபிரான்சுவா என்ற தளபதியின் படைப்பிரிவை ரயிலில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனார்கள். மற்ற இரண்டு பிரிவுகள் நடந்தே போயின. தெற்கே சாம்சனவின் ரஷ்யப் படை ரொட்டித் தட்டுப்பாட்டோடு, தந்திக் கம்பி பற்றாமல், கட்டளைகளைச் சங்கேதம் ஏதுமில்லாமல் வானொலியில் அனுப்பிக்கொண்டு வந்தது. ஜெர்மானியர்கள் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். எந்தப் படை எங்கே, எத்தனை மணிக்கு நகரும் என்பது எதிரி வாயாலேயே தெரிந்துவிட்டது. ஆகஸ்ட் 26 முதல் 30 வரை நடந்த சண்டையில் ரஷ்யர்கள் சுற்றி வளைக்கப்பட்டார்கள். 90,000 பேருக்கு மேல் கைதானார்கள். சாம்சனவ் காட்டுக்குள் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார்.

ஹிண்டன்பர்க்கின் பங்கு சுத்தமாகப் பூஜ்யம் என்றும் சொல்லிவிடக் கூடாது. சண்டையின் நடுவில் லுடென்டார்ஃப்புக்கு நரம்பு தளர்ந்தது. ரென்னன்காம்ஃப் முதுகுப் பக்கம் வந்துவிடுவாரோ என்று திட்டத்தையே மாற்ற நினைத்தவரை அசையாமல் நிறுத்தியவர் இவர்தான். தோல்வி வந்திருந்தால் பழியும் இவர் தலையில்தான் விடிந்திருக்கும். இருந்தாலும் ஹாஃப்மனின் கிண்டலை வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். பின்னாளில் அந்த இடத்தைப் பார்க்க வருகிறவர்களிடம், "போருக்கு முன் ஃபீல்டு மார்ஷல் இங்கேதான் தூங்கினார், போருக்குப் பின் இங்கே தூங்கினார், போர் நடந்தபோதும் இங்கேதான் தூங்கினார்" என்று காட்டுவாராம்.

வெற்றிக்கு வைத்த பெயரிலேயே ஒரு திட்டம் இருக்கிறது. சண்டை நடந்தது ஹோஹென்ஸ்டைன், நைடென்பர்க் வட்டாரத்தில். ஆனால் பக்கத்திலிருந்த டானன்பர்க் என்ற ஊரின் பெயரைத்தான் வைத்தார்கள். 1410இல் அந்த ஊருக்கருகே டியூட்டானிக் என்ற ஜெர்மன் வீரத்துறவியர் படையைப் போலந்து-லிதுவேனியப் படைகள் நொறுக்கின. 504 ஆண்டுக் கணக்கை ஹிண்டன்பர்க் தீர்த்தார் என்று கதை கட்ட இந்தப் பெயர் தேவைப்பட்டது. காலமும் கைகொடுத்தது. அடுத்த சில நாட்களில் மேற்கே மார்ன் நதிக்கரையில் ஜெர்மனியின் முன்னேற்றம் நின்றுபோனது. கொண்டாட வேறு வெற்றி இல்லை. 1915 செப்டம்பரில் பெர்லினில் 12 மீட்டர் உயர ஹிண்டன்பர்க் மரச்சிலையை நிறுத்தி, போர் நிதி கொடுக்கிறவர்கள் அதில் ஆணி அடிக்கலாம் என்றார்கள். இரும்பு ஆணி 1 மார்க், வெள்ளி ஆணி 5, தங்க ஆணி 100. மக்கள் வரிசையில் நின்று அடித்தார்கள்.

"அப்படியானால் ஜெர்மனி ஏன் தோற்றது?" என்ற கேள்வி வரும். இங்கே அவசரப்படாதீர்கள், முதல் வகுப்பின் உயிர் இதுதான். 1916 ஆகஸ்ட் 29 அன்று ஹிண்டன்பர்க் ஒட்டுமொத்தப் படைத்தலைமைக்கு வந்தார், லுடென்டார்ஃப் அடுத்த நிலையில். அதிலிருந்து நாட்டை நடத்தியது கெய்சர், அதாவது ஜெர்மன் பேரரசர், அல்ல; இந்த இரட்டையர். ஆயுத உற்பத்தியைப் பெருக்க ஹிண்டன்பர்க் திட்டம், 17 முதல் 60 வயது ஆண்களுக்குக் கட்டாய உழைப்புச் சட்டம், 1917 பிப்ரவரியில் எல்லையற்ற நீர்மூழ்கிப் போர், அதாவது எந்த நாட்டுக் கப்பலையும் எச்சரிக்காமல் மூழ்கடிப்பது. இந்தக் கடைசி முடிவு இரண்டே மாதத்தில் அமெரிக்காவைப் போருக்குள் இழுத்தது. 1918 மார்ச் 21 அன்று தொடங்கிய பெருந்தாக்குதல் மீதியிருந்த வலுவையும் தின்றது. 1918 செப்டம்பர் 29 அன்று பெல்ஜியத்தின் ஸ்பா நகரத் தலைமையகத்தில், உடனடியாகப் போர்நிறுத்தம் கேட்க வேண்டும் என்று கெய்சரிடம் சொன்னவர்கள் ஹிண்டன்பர்க்கும் லுடென்டார்ஃப்பும். அதோடு, நாடாளுமன்றக் கட்சிகளை ஆட்சியில் ஏற்றி, கேட்கிற வேலையை அவர்கள் தலையில் கட்ட வேண்டும் என்பதும் லுடென்டார்ஃப்பின் யோசனை. புதிய சான்சலர் இளவரசர் மாக்ஸ் தயங்கியபோது, அமைதிக் கோரிக்கை உடனே போக வேண்டும் என்று அக்டோபர் 3 அன்று எழுத்தில் வற்புறுத்தியவர் ஹிண்டன்பர்க். அந்தக் கடிதத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. பலகையில் இதைப் பெரிதாக எழுதுங்கள்.

அடுத்து வரும் மூன்று காட்சிகளிலும் அவர் அறையில் இருக்கிறார், ஆனால் பேசுவது வேறொருவர். நவம்பர் 9: "படை இனி உங்கள் பின்னால் இல்லை" என்று கெய்சரின் முகத்துக்கு நேரே சொன்னவர் தளபதி க்ரோனர். ஹிண்டன்பர்க் மௌனம். நவம்பர் 11: கொம்பியேன் காட்டில் நின்ற ரயில் பெட்டியில் போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்திட்ட குழுவின் தலைவர் எர்ஸ்பெர்கர், சீருடை போடாத அரசியல்வாதி. நிபந்தனைகளைத் தளர்த்த முடியாவிட்டாலும் ஒப்பந்தத்தை முடித்துவிடுங்கள் என்று முந்தின நாள் தந்தி அடித்ததோ ஹிண்டன்பர்க். 1919 ஜூன்: வெர்செய்ல்ஸ் நிபந்தனைகளை மறுத்தால் படையால் தாக்குப்பிடிக்க முடியுமா என்று குடியரசுத் தலைவர் ஏபெர்ட் தொலைபேசியில் கேட்கவிருந்தார். முடியாது என்பது ஹிண்டன்பர்க்குக்குத் தெரியும். பதிலை க்ரோனரே சொல்லட்டும் என்று அறையைவிட்டு வெளியே போனார். பேச்சு முடிந்தபின் திரும்பி வந்தார்.

இதற்குப் பிறகுதான் 1919 நவம்பர் 18 வருகிறது. தோல்வியின் காரணத்தை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன் வந்தவர், கேட்ட கேள்வியைப் பொருட்படுத்தாமல், எழுதி எடுத்துவந்த அறிக்கையை வாசித்தார். ஓர் ஆங்கிலேயத் தளபதி சரியாகச் சொன்னதுபோல, ஜெர்மன் படை முதுகில் குத்தப்பட்டது, அதாவது போர்க்களத்தில் அல்ல, உள்நாட்டுத் துரோகத்தால் வீழ்ந்தது என்றார். போர்நிறுத்தம் வேண்டும் என்று தானே எழுதிக்கொடுத்த கடிதம் அதற்குள் காணாமற்போய்விடவில்லை; ஆனால் அதை யார் தேடிப் படிக்கப்போகிறார்கள்? மக்கள் நம்பியது பெயரை. கையெழுத்திட்ட எர்ஸ்பெர்கரை 1921 ஆகஸ்டில் வலதுசாரித் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். முதல் வகுப்பை இங்கே நிறுத்துங்கள்.

1925க்கும் 1930க்கும் இடைப்பட்ட காலத்தை இரண்டாம் வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். ஏபெர்ட் 1925 பிப்ரவரியில் இறந்தார். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கில்லை. இரண்டாம் சுற்றுக்குப் புதிய வேட்பாளரை நிறுத்தலாம், அதிக வாக்கு பெற்றவர் வென்றவர் என்பது விதி. வலதுசாரிகள் ஹனோவருக்குப் போய் 77 வயதுக்காரரைச் சம்மதிக்க வைத்தார்கள். ஏப்ரல் 26 அன்று ஹிண்டன்பர்க்குக்கு 48.3 சதவீதம், கத்தோலிக்க மையக் கட்சியின் மார்க்ஸுக்கு 45.3, கம்யூனிஸ்ட் டேல்மனுக்கு 6.4. இடைவெளி 9 லட்சம் வாக்கு. டேல்மன் வாங்கியதோ 19 லட்சம். போதாக்குறைக்கு, மார்க்ஸின் கட்சியைப் போலவே கத்தோலிக்கர்களின் கட்சியான பவேரிய மக்கள் கட்சி ஹிண்டன்பர்க்கை ஆதரித்தது. (இந்த மார்க்ஸ் வேறு, கார்ல் மார்க்ஸ் வேறு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் விடைத்தாளில் விபரீதம் நடக்கும்.) முடியாட்சி விரும்பியாக இருந்தும் முதல் ஐந்தாண்டுகள் அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டே நடந்தார். தமக்குப் பிடிக்காத லொகார்னோ உடன்பாட்டையும் (மேற்கு எல்லையை ஏற்றது) யங் திட்டத்தையும் (போர் இழப்பீட்டுத் தவணைகளை வகுத்தது) தடுக்கவில்லை. வலதுசாரி நண்பர்கள் முகம் சுளித்தார்கள்.

இப்போது பலகையை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் வைமர் அரசியலமைப்பின், அதாவது போருக்குப் பின் வந்த ஜெர்மன் குடியரசின் அரசியலமைப்பின், நான்கு பிரிவுகள். பிரிவு 53: சான்சலரை நியமிப்பதும் நீக்குவதும் குடியரசுத் தலைவர். பிரிவு 54: சான்சலருக்கு நாடாளுமன்றத்தின், அதாவது ரெய்ஷ்டாக்கின், நம்பிக்கை வேண்டும். பிரிவு 48: ஆபத்துக் காலத்தில் குடியரசுத் தலைவர் அவசர ஆணை பிறப்பிக்கலாம், ரெய்ஷ்டாக் கேட்டால் அதைத் திரும்பப் பெற வேண்டும். பிரிவு 25: ரெய்ஷ்டாக்கை அவர் கலைக்கலாம், 60 நாளுக்குள் தேர்தல் நடத்த வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிவாளம் இருக்கிறது. 48ஐயும் 25ஐயும் சேர்த்து இழுத்தால் கடிவாளம் அறுந்துவிடும். ஆணை போடு, ரெய்ஷ்டாக் எதிர்த்தால் கலைத்துவிடு, அடுத்த அவை கூடும்வரை ஆணையிலேயே ஆட்சி நடத்து.

இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை, அப்படியே நடந்தது. 1930 மார்ச் இறுதியில் ப்ரூனிங்கைச் சான்சலராக்கினார். ஜூலையில் அவருடைய நிதி மசோதாவை ரெய்ஷ்டாக் நிராகரித்தது. அதையே அவசர ஆணையாகப் போட்டார்கள். ரெய்ஷ்டாக் ரத்து செய்யச் சொன்னது. ஜூலை 18 அன்று ரெய்ஷ்டாக்கே கலைக்கப்பட்டது. செப்டம்பர் 14 தேர்தலில் ஹிட்லரின் நாஜிகள் 12 இடத்திலிருந்து 107க்குத் தாவினார்கள். வலப்பக்கம் இதன் விளைவை எழுதுங்கள்: 1931இல் ரெய்ஷ்டாக் நிறைவேற்றிய சட்டங்கள் 34, அவசர ஆணைகள் 44. 1932இல் சட்டங்கள் 5, ஆணைகள் சுமார் 60. ஹிட்லர் வருவதற்கு முன்பே நாடாளுமன்ற ஆட்சி செத்துக்கொண்டிருந்தது என்பதை இந்த நான்கு எண்களைவிடத் தெளிவாக எந்தப் பத்தியும் சொல்லாது.

அடுத்து 1932 தேர்தல். மார்ச் 13 அன்று ஹிண்டன்பர்க்குக்கு 49.6 சதவீதம், ஹிட்லருக்கு 30.1. அரை சதவீதத்துக்கும் குறைவான பற்றாக்குறையால் இரண்டாம் சுற்று. ஏப்ரல் 10 அன்று 53.0, 36.8. ஹிட்லர் ஜெர்மன் குடியுரிமை பெற்றதே அந்தப் பிப்ரவரி 25 அன்றுதான், பிரவுன்ஷ்வைக் மாநில அரசில் ஒரு பெயரளவு வேலை வாங்கிக்கொண்டு. மாணவி கேட்ட கேள்விக்கான விடை இந்த வெற்றியில்தான் ஒளிந்திருக்கிறது. 1925இல் ஹிண்டன்பர்க்கை எதிர்த்த சமூக ஜனநாயகவாதிகளும் கத்தோலிக்கர்களும்தான் 1932இல் அவருக்கு வாக்களித்தார்கள், ஹிட்லரைத் தடுக்க வேறு வழியில்லாமல். 1925இல் அவரைத் தூக்கி நிறுத்திய வலதுசாரிகளில் பெரும்பகுதி ஹிட்லர் பக்கம் போய்விட்டது. வென்றவருக்கு இது பெருமையாக இல்லை, அவமானமாக இருந்தது. குடியரசைக் காக்கும்படி மக்கள் தமக்கு ஆணையிட்டதாக அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. வலதுசாரிகளை ஒன்றுதிரட்டி, ரெய்ஷ்டாக்கை ஒதுக்கிவைத்த ஓர் ஆட்சிதான் அவர் விரும்பியது. தேர்தலில் தமக்காக ஓடி ஓடி உழைத்த ப்ரூனிங்கை ஏழே வாரத்தில், மே 30 அன்று வீட்டுக்கு அனுப்பினார். கடனில் மூழ்கிய கிழக்கத்திப் பண்ணைகளில் வேலையற்றவர்களைக் குடியேற்றும் திட்டத்தை நிலக்கிழார்கள் போல்ஷ்விசம் (ரஷ்யப் பாணிப் பொதுவுடைமை) என்று அவர் காதில் ஓதியதும் இதில் சேர்த்தி.

பிறகு வந்த பாபென், மக்கள் ஆதரவே இல்லாத பிரபு. செப்டம்பர் 12 அன்று ரெய்ஷ்டாக்கில் அவருக்கு எதிராக 512 வாக்கு, ஆதரவாக 42. இதற்கிடையே ஜூலை தேர்தலில் நாஜிகள் 230 இடம் பிடித்துத் தனிப்பெரும் கட்சியாகியிருந்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று முழு அதிகாரம் கேட்டு வந்த ஹிட்லரை, ஒரே கட்சியிடம் எல்லா அதிகாரத்தையும் கொடுப்பதற்குக் கடவுளுக்கும் மனச்சாட்சிக்கும் நாட்டுக்கும் பதில் சொல்ல முடியாது என்று ஹிண்டன்பர்க் திருப்பி அனுப்பினார். நவம்பரிலும் மறுத்தார். நவம்பர் தேர்தலில் நாஜிகள் 196 இடத்துக்கு இறங்கினார்கள், கட்சியின் கஜானா காலி. நாஜி அலை ஏறிக்கொண்டே போய் அவரை அடித்துச் சென்றது என்று எழுதுவது தவறு. அலை வடியத் தொடங்கியபோதுதான் கதவு திறந்தது.

திறந்தது எப்படி என்பதை நாள்வாரியாகச் சொல்லுங்கள். டிசம்பர் 3 அன்று சான்சலரான தளபதி ஷ்லைகர், பாபெனைக் கவிழ்த்துவிட்டு வந்தவர். பழிவாங்கத் துடித்த பாபென் ஜனவரி 4 அன்று கொலோன் நகரில் ஒரு வங்கியாளர் வீட்டில் ஹிட்லரைச் சந்தித்தார். ஜனவரி 22 இரவு, பெர்லின் டாலெமில் ரிப்பன்ட்ராப் என்ற நாஜி ஆதரவாளரின் வீட்டில் ஹிண்டன்பர்க்கின் மகன் ஆஸ்கரும் செயலர் மைஸ்னரும் ஹிட்லருடன் பேசினார்கள். ரெய்ஷ்டாக்கைக் கலைத்து, தேர்தலை 60 நாளுக்கு அப்பால் தள்ளிப்போட ஷ்லைகர் அனுமதி கேட்டார். அது அரசியலமைப்பை மீறுவது. ஹிண்டன்பர்க் மறுத்தார். ஜனவரி 28 அன்று வெறும் கலைப்பு ஆணைகூடத் தர மறுத்தார். ஷ்லைகர் விலகினார். பாபென் கொண்டுவந்த ஏற்பாடு கிழவருக்கு இனித்தது: ஹிட்லர் சான்சலர், பாபென் துணைச் சான்சலர், அமைச்சரவையில் ஹிட்லரோடு சேர்த்து நாஜிகள் மூன்றே பேர் (மற்ற இருவர் ஃப்ரிக், கோரிங்), படைக்குத் தளபதி ப்ளோம்பெர்க், பொருளாதாரத்துக்கு வலதுசாரிக் கட்சித் தலைவர் ஹூகன்பெர்க். அவசர ஆணைகளில் கையெழுத்திட்டுத் தேய்ந்த கைக்கு ஓய்வு, பொறுப்பு மீண்டும் அடுத்தவர் தோளில். ஜனவரி 30 முற்பகலில் பதவிப் பிரமாணம் நடந்தது.

நான்கு நாளுக்கு முன் ஷ்லைகருக்கு மறுத்த கலைப்பு ஆணையை பிப்ரவரி 1 அன்று ஹிட்லருக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தார் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

இனி கடைசி பெஞ்சுக்கு. புத்தி தடுமாற்றம் என்ற பேச்சு அந்தக் காலத்திலேயே இருந்தது. மாளிகையில் ரொட்டி சுற்றிய காகிதத்தை மேசைமேல் வைத்துவிடாதே, கிழவர் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று பெர்லினில் கேலி பேசினார்கள். 85 வயதில் உடல் தளர்ந்திருந்தது உண்மை. ஆனால் ஆகஸ்டிலும் நவம்பரிலும் காரணம் சொல்லி மறுத்தவர், ஜனவரியில் ஷ்லைகரின் கோரிக்கையில் அரசியலமைப்பு மீறலைக் கண்டுபிடித்தவர், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்தார் என்பது பொருந்தவில்லை. தெரிந்தே எடுத்த முடிவு என்றே நடத்துங்கள். லஞ்சம் என்ற கேள்விக்கு நோய்டெக் பண்ணையைச் சொல்லலாம். 80ஆம் பிறந்தநாளுக்கு, 1927இல், தொழிலதிபர்களும் நிலக்கிழார்களும் பணம் திரட்டி அதைப் பரிசளித்தார்கள். வாரிசு வரி வராதபடி நேரே மகன் பெயரில் பதிந்தார்கள். கிழக்கத்திப் பண்ணைகளுக்கான அரசு உதவியில் நடந்த முறைகேடுகளை 1933 ஜனவரியில் ரெய்ஷ்டாக் குழு கிளறிக்கொண்டிருந்தது. அந்த ஆகஸ்டில் ஹிட்லர் ஆட்சி பண்ணைக்கு மேலும் நிலம் சேர்த்துக் கொடுத்தது. எல்லாம் உண்மை. இருந்தாலும் பதவி நிலத்துக்கு விற்கப்பட்டது என்று நிறுவப்படவில்லை. அவர் யார் மத்தியில் வாழ்ந்தார், யார் பேச்சு அவர் காதில் ஏறியது என்பதைத்தான் அது காட்டுகிறது.

ஜனவரி 30க்குப் பின் நடந்ததைப் பலர் ஹிட்லர் கணக்கில் மட்டும் எழுதுகிறார்கள். பேச்சுரிமை, கூட்ட உரிமை, அஞ்சல் இரகசியம் எல்லாவற்றையும் நிறுத்திவைத்த 1933 பிப்ரவரி 28 ஆணை, பிரிவு 48இன்படி ஹிண்டன்பர்க் கையெழுத்தில் வந்தது. அதையும் மார்ச் 23 அன்று 444-94 என்ற வாக்கில் நிறைவேறிய அதிகாரமளிப்புச் சட்டத்தையும் மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள். முன்னது குடிமக்களின் உரிமையைப் பறித்தது, பின்னது சட்டமியற்றும் அதிகாரத்தை ரெய்ஷ்டாக்கிடமிருந்து அரசுக்கு மாற்றியது. யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் தயாரானபோது, ஏப்ரல் 4 அன்று ஹிட்லருக்குக் கடிதம் எழுதினார். போரில் ரத்தம் சிந்தியவர்களை விலக்கக் கூடாது என்றார். விதிவிலக்கும் கிடைத்தது, சில ஆண்டுகளுக்கு. போர்முனைக்குப் போகாத யூத ஆசிரியர், எழுத்தர், நீதிபதி பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 1934 ஜூன் 30 அன்று ஹிட்லர் தன் எதிரிகளைத் தீர்த்துக்கட்டிய படுகொலைகளில் அவருடைய முன்னாள் சான்சலர் ஷ்லைகரும் மனைவியும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஹிண்டன்பர்க் பெயரில் ஹிட்லருக்குப் பாராட்டுத் தந்தி போனது.

1934 ஆகஸ்ட் 2 காலை நோய்டெக்கில் இறந்தார், வயது 86. குடியரசுத் தலைவர் பதவியை ஹிட்லரோடு இணைக்கும் சட்டத்தை அமைச்சரவை முந்தின நாளே, அவர் மூச்சு நிற்கும் முன்பே நிறைவேற்றியிருந்தது. பாபென் வரைவெழுதி ஹிண்டன்பர்க் கையெழுத்திட்ட அரசியல் உயில் ஆகஸ்ட் 15 அன்று வெளியானது; ஹிட்லரைப் பாராட்டும் பகுதி அதில் இருந்தது. முடியாட்சியைத் திரும்பக் கொண்டுவரலாம் என்ற விருப்பத்தைத் தனிக் கடிதமாக ஹிட்லருக்கு எழுதியிருந்தார். அது வெளிவரவில்லை. பதவி இணைப்பைப் பற்றிய ஆகஸ்ட் 19 வாக்கெடுப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் "ஆம்".

பிற்காலம் பற்றிக் கேட்டால் சவப்பெட்டியின் பயணத்தைச் சொல்லுங்கள். விருப்பத்துக்கு மாறாக அவரை டானன்பர்க் நினைவகத்தில் அடக்கம் செய்தார்கள். மனைவி கெர்ட்ரூடின் பெட்டியையும் அங்கே கொண்டுவந்தார்கள். 1945 ஜனவரியில் சோவியத் படை நெருங்கியதும் இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு நினைவகத்தை ஜெர்மானியர்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூனிக்ஸ்பெர்க்கிலிருந்து பெட்டிகளை ஏற்றிய போர்க்கப்பலின் பெயர் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன் அந்த நவம்பரிலேயே அழிந்துவிட்டது. இது அதன் பெயரைத் தாங்கி 1920களில் கட்டப்பட்ட கப்பல். நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும் இடம் இது. பெட்டிகள் துரிங்கியாவில் பெர்ன்டெரோடே சுரங்கத்துக்குள் பழைய பிரஷ்ய மன்னர் மகா பிரெடெரிக்கின் பெட்டியோடு பதுக்கப்பட்டன. அமெரிக்கப் படையினர் கண்டெடுத்தார்கள். 1946இல் மார்புர்க் நகரின் எலிசபெத் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள், இன்றும் அங்கேதான். பெர்லின் மாநகரம் 1933இல் கொடுத்த கௌரவக் குடிமகன் பட்டத்தை 2020இல் பறித்தது. மூன்ஸ்டர் நகரம் ஹிண்டன்பர்க் திடலின் பெயரை 2012இல் மாற்றியது. சில்ட் தீவுக்கு ரயில் போகும் 11 கிலோமீட்டர் அணைக்கரைக்கு இன்னும் அவர் பெயர்தான். 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் எரிந்து விழுந்து 36 உயிர்களைப் பலிகொண்ட வான்கப்பல் அவர் பெயரைத் தாங்கியது. அவர் அதற்கு மூன்றாண்டு முன்பே இறந்துவிட்டார். அதில் போய் இறந்தார் என்று எழுதும் விடைத்தாள் உங்களுக்கும் ஒருநாள் வரும்.

வகுப்புக்கு 1914 ஆண்டின் வரைபடத்தை எடுத்துச் செல்லுங்கள். இன்றைய ஜெர்மனி வரைபடத்தில் தேடினால் கதையின் கிழக்கத்தி ஊர்கள் கிடைக்காது. போசன் இன்று போலந்தின் போஸ்னான், டானன்பர்க் ஸ்டெம்பார்க், ஹோஹென்ஸ்டைன் ஓல்ஷ்டினெக், நோய்டெக்கும் போலந்தில்தான், ஓக்ரொஜெனியெட்ஸ் என்ற பெயரில், கூனிக்ஸ்பெர்க் ரஷ்யாவின் கலினின்கிராட்.